விழுந்த பந்தும் விதியின் வேரும்

நுழையும்முன்

விதிகளை மனப்பாடம் செய்வது எளிது. அவை ஏன் பிறந்தன என்று கேட்பது அரிது. அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் குழப்பமாகத் தோன்றும் சில விதிகளின் காரணத்தைத் தேடிச் சென்ற ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், தம் பணிக்கால நிகழ்வொன்றின் முன் வந்து நிற்கிறார். அவருடைய தன்னனுபவக் கட்டுரை இது.

பிடிபடாத பந்து

பந்து தரையில் விழுந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆயினும், அதை அடித்த சிறுவன் ஆட்டமிழந்துவிட்டதாக நடுவர் கூறினார். அடுத்த நொடியில் என் பேரனும் ஆட்டமிழந்தான், ஆட்டமும் முடிந்துபோயிற்று.

நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்த கோடைக்காலம் அது. பன்னிரண்டு வயதுப் பேரன் சனிக்கிழமைதோறும் குடியிருப்புப் பகுதித் திடலில் பேஸ்பால் ஆடுவான். கிரிக்கெட்டை மட்டுமே அறிந்த நான், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் மரப்பலகையில் அமர்ந்து பார்ப்பேன். சதுரமாக அமைந்த நான்கு தளங்கள். அணிக்கு ஒன்பது பேர். பந்தை அடித்தவர் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்று சுற்றி, புறப்பட்ட இடமான தாய்த்தளத்தை மீண்டும் தொட்டால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் அணியின் முறை முடிந்துவிடும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அன்று கடைசிச் சுற்று. பேரனின் அணி ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. ஒருவர் ஆட்டமிழந்திருந்தார். முதல் தளத்தில் ஒரு சிறுவன். இரண்டாம் தளத்தில் என் பேரன். மட்டை பிடித்தவன் அடித்த பந்து தொலைவுக்குப் போகாமல் நேர் மேலே எழும்பியது. நடுவர் கையை உயர்த்தி ஏதோ கூவினார். கீழே காத்துநின்ற சிறுவனின் கையுறையில் பட்ட பந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்ததைக் கண்ட பேரன் மூன்றாம் தளத்தை நோக்கி ஓடினான். பந்து அவனுக்கு முன் அங்கே போய்ச் சேர்ந்தது. அதைப் பிடித்த சிறுவன் பேரனின் தோளில் தொட்டான். மட்டையாளனோடு இருவர், பேரனோடு மூவர் என்று கணக்கு முடிந்தது.

“பந்து கீழே விழுந்துச்சே, தாத்தா! அப்புறம் எப்படி அவன் அவுட்? அவன் அவுட் இல்லன்னா நான் ஓடித்தானே ஆகணும்?” என்று பேரன் விம்மினான். அவன் கேள்வியில் எனக்கு நியாயம் தெரிந்தது. பிடிபடாத பந்துக்கு ஆட்டமிழப்பு என்றால் அது என்ன விதி? சிறுவர்களை அழவைப்பதற்கென்றே யாரோ எழுதி வைத்ததுபோல இருந்தது. கோபத்தோடு நடுவரிடம் சென்றேன்.

பலகையில் விரிந்த ஆடுகளம்

நடுவர் முதியவர், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். ஊதியம் பெறாமல் சிறுவர்களின் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்துவந்தார். என் கோபத்தைக் கண்டு அவர் கோபம் கொள்ளவில்லை. குளிர்பானப் புட்டிகளின் மூடிகளைப் பொறுக்கி வந்து, பலகையின்மேல் நான்கு தளங்களாகப் பரப்பினார். இரண்டு கூழாங்கற்களை முதல் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் வைத்தார்.

“பந்து வானில் இருக்கிறது. உங்கள் பேரன் இப்போது ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா?” என்று கேட்டார்.

“பிடிபடுமா, விழுமா என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்?” என்றேன்.

“சரியாகச் சொன்னீர்கள். பிடிபட்டால் அடித்தவன் ஆட்டமிழப்பான். மற்றவர்கள் தத்தம் தளத்தில் இருக்க வேண்டும். விலகியிருந்தால் திரும்பியாக வேண்டும். விழுந்தால் அடித்தவன் முதல் தளத்துக்கு ஓடுவான். ஒரு தளத்தில் இருவருக்கு இடமில்லை. ஆகவே முன்னால் இருப்பவர்கள் அடுத்த தளத்துக்கு ஓடியே தீர வேண்டும். அப்படி ஓடியே தீர வேண்டியவனை வீழ்த்த அவனைத் தொடவும் வேண்டியதில்லை. அவன் போய்ச் சேரவேண்டிய தளத்தைப் பந்தோடு மிதித்தால் போதும். இப்போது அந்தப் பந்தின் கீழே நிற்பவர் நீங்கள். என்ன செய்வீர்கள்?”

வங்கியில் 34 ஆண்டுகள் வரவு செலவு பார்த்த மூளை உடனே கணக்கிட்டது. பிடித்தால் ஒருவர் ஆட்டமிழப்பார். கைதவறியதுபோல் கீழே விட்டால், பிடிபடும் என்று நம்பித் தளத்திலேயே நிற்கும் இருவரும் திகைத்துப் போவார்கள். பந்தை எடுத்து மூன்றாம் தளத்துக்கு எறிந்து, அங்கிருந்து இரண்டாம் தளத்துக்கு எறிந்தால் இருவரையும் வீழ்த்திவிடலாம்.

“வேண்டுமென்றே கீழே விட்டுவிடுவேன்” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் சொல் என் காதில் விழுந்தது.

முதியவர் சிரித்தார். “அந்தக் காலத்து ஆட்டக்காரர்களும் அதையேதான் செய்தார்கள். அதனால்தான் இந்த விதி வந்தது.”

உட்கள உயர்பந்து விதி எனத் தமிழில் சொல்லத்தக்க ‘இன்ஃபீல்டு ஃபிளை’ விதி 1890களில் பிறந்தது. எளிதில் பிடிக்கக்கூடிய பந்து உட்களத்தின்மேல் எழும்பியதும், அது பிடிபடுகிறதா என்று பாராமல் அடித்தவர் ஆட்டமிழந்தார் என நடுவர் உடனே அறிவித்துவிடுவார். அறிவித்த பின் மற்ற இருவரும் ஓட வேண்டிய கட்டாயம் நீங்கிவிடுகிறது. விரும்பினால் ஓடலாம், ஆனால் அது அவர்கள் பொறுப்பு. என் பேரன் நடுவரின் குரலைக் கவனித்திருந்தால் தன் தளத்திலேயே நின்றிருக்கலாம். அவனை வீழ்த்திய விதி, உண்மையில் அவன்போல் தளத்தில் நிற்பவர்களைக் காப்பதற்காகவே எழுதப்பட்டது!

“ஆனால் இன்று அந்தச் சிறுவன் வேண்டுமென்று விடவில்லையே? கைதவறித்தானே விட்டான்?” என்றேன்.

“அதை நான் எப்படி அறிவேன்? நடுவரால் பந்தைப் பார்க்க முடியும். மனத்தைப் பார்க்க முடியாது. அதனால் யார் மனத்தில் என்ன இருந்தது என்று இந்த விதி கேட்பதில்லை. ஏமாற்றினால் கிடைக்கும் ஆதாயத்தை மட்டும் எடுத்துவிடுகிறது. ஆதாயம் இல்லையென்றால் யார் ஏமாற்றப் போகிறார்கள்?”

அவ்விடை என்னை வாயடைக்கச் செய்தது.

தெரியுமா?
1975ஆம் ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட ஆய்விதழில், இந்த விதியின் தோற்றத்தை இங்கிலாந்தின் பொதுச் சட்டம் வளர்ந்த முறையோடு ஒப்பிடும் சிறு கட்டுரை ஒன்று ஆசிரியர் பெயரின்றி வெளியானது. வழக்கும் தீர்ப்பும் சேர்ந்து காலப்போக்கில் சட்டம் உருவாவது போலவே, ஆட்டத்தில் எழுந்த சிக்கல்களிலிருந்து இந்த விதியும் உருவானது என்பது அதன் கருத்து. அதை எழுதியவர் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்பவர்.

நிபந்தனைகளின் கணக்கு

அன்று மாலை பேரனும் நானும் அவ்வூர் நூலகத்துக்குச் சென்றோம். அவனுக்குத் தோல்வியின் காரணம் தெரிய வேண்டியிருந்தது; எனக்கோ விதியின் காரணம்.

உட்கள உயர்பந்து விதி எப்போதும் பொருந்துவதில்லை. முதல் இரண்டு தளங்களிலும் ஆள் இருக்க வேண்டும். மூன்றிலும் இருந்தாலும் பொருந்தும். ஆட்டமிழந்தோர் இருவருக்குக் குறைவாக இருக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இவை மாணவரைத் தேர்வில் சிக்கவைக்கும் நிபந்தனைகள் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. இருவர் ஏற்கெனவே ஆட்டமிழந்திருந்தால், பந்தைப் பிடித்தாலே அந்த முறை முடிந்துவிடும்; கீழே விடுவதால் கூடுதலாகப் பெறுவது ஒன்றுமில்லை. முதல் தளத்தில் மட்டும் ஒருவர் இருந்தால், பந்து மேலே போய்வரும் நேரத்தில் அடித்தவர் முதல் தளத்தை அடைந்துவிடலாம். அப்போது ஏமாற்றினாலும் கிடைப்பது ஓர் ஆட்டமிழப்புத்தான். ஏமாற்றுக்கு எங்கெல்லாம் ஆதாயம் உண்டோ அங்கெல்லாம் விதி நிற்கிறது. ஆதாயம் இல்லாத இடத்தில் விலகிக்கொள்கிறது. வெள்ளம் வரும் பக்கத்தில் மட்டும் கரையை உயர்த்தும் உழவரின் அறிவு அதில் இருப்பதைக் கண்டேன்.

இன்னொரு விதி இதைவிட விந்தையானது. மட்டையாளர் மூன்றாம் முறையும் பந்தைத் தவறவிட்டால் ஆட்டமிழப்பார் என்பது பொது விதி. ஆனால் பின்னால் அமர்ந்திருக்கும் பந்துகாப்பாளர் அந்த மூன்றாம் பந்தைத் தரையில் படுமுன் பிடிக்கத் தவறினால், மட்டையாளர் முதல் தளத்துக்கு ஓடலாம்! தோற்றவருக்கு ஏன் இந்த மறுவாய்ப்பு? 1845இல் நியூயார்க் நகரத்து நிக்கர்பாக்கர் சங்கம் எழுதிய விதிகளிலேயே இது இருக்கிறது. மூன்றாம் முறை தவறிய பந்தும் பிடிபடாவிட்டால், அதை அடிக்கப்பட்ட பந்தாகவே கருதி மட்டையாளர் ஓட வேண்டும் என்றது அவ்விதி. ஒருவர் தவறுவது மட்டும் போதாது. எதிரணியும் தன் பங்கைச் செய்து முடிக்க வேண்டும்.

இந்த இரக்கத்திலும் ஒரு சூழ்ச்சி நுழைந்தது. முதல் தளத்தில் ஆள் இருக்கும்போது பந்துகாப்பாளர் வேண்டுமென்றே மூன்றாம் பந்தை நழுவவிட்டால், மட்டையாளரும் தளத்தில் நிற்பவரும் ஓடியே தீர வேண்டும். இருவரையும் எளிதில் வீழ்த்தலாம். ஆகவே முதல் தளத்தில் ஆள் இருந்து, ஆட்டமிழந்தோர் இருவருக்குக் குறைவாகவும் இருந்தால் மட்டையாளர் ஓட முடியாது என்று பின்னாளில் விலக்குச் சேர்த்தார்கள். விதிக்கு விலக்கு, விலக்குக்குள் ஒரு நிபந்தனை. குழப்பம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அனுபவமே.

நம் ஊர்ச் சிறுவர் தெருவில் ஆடும் கிரிக்கெட்டிலும் இது உண்டு. விக்கெட்டை நோக்கி வரும் பந்தைக் காலால் மறைத்துத் தப்பிக்கும் வழக்கத்தைத் தடுக்கவே, காலில் பட்டு ஆட்டமிழக்கும் விதி 1774இல் எழுதப்பட்டது. எந்த விதியைத் தோண்டினாலும் அடியில் ஒரு பழைய தந்திரம் புதைந்திருக்கிறது.

பத்தொன்பது வயது இளைஞர்

நூலகத்தில் கிடைத்த ஒரு பழைய கதை பேரனை நெடுநேரம் பேசாமல் இருக்கச் செய்தது. 1908 செப்டம்பர் 23. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் சிகாகோ கப்ஸ் அணியும் 1–1 என்று சமநிலையில் இருந்தன. ஒன்பதாம் சுற்றின் கடைசிப் பகுதி, இருவர் ஆட்டமிழந்திருந்தனர். நியூயார்க் அணிக்கு மூன்றாம் தளத்தில் ஒருவர். முதல் தளத்தில் 19 வயது பிரெட் மெர்க்கிள். அடுத்தவர் பந்தை வெளிக்களத்துக்கு அடித்தார். மூன்றாம் தளத்தில் இருந்தவர் தாய்த்தளத்தைத் தொட்டார். வெற்றி என்று எண்ணிய மக்கள் கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. மெர்க்கிள் இரண்டாம் தளத்தைத் தொடாமல் திரும்பி, ஆட்டக்காரர் அறையை நோக்கி ஓடினார்.

கப்ஸ் அணியின் ஜானி எவர்ஸ் பந்து ஒன்றை வாங்கி இரண்டாம் தளத்தை மிதித்து முறையிட்டார். ஓடியே தீர வேண்டியவர் மூன்றாவதாக ஆட்டமிழந்தால், அந்த ஆட்டத்தில் எடுத்த ஓட்டம் செல்லாது. முன்னால் சென்றவர் வீடு சேர்ந்தாலும், பின்னால் வருபவர் தம் தளத்தை அடைந்தால்தான் அந்த அடி நிறைவு பெறும் என்பதே இதன் காரணம். நடுவர்கள் மெர்க்கிள் ஆட்டமிழந்தார் என்றனர். ஓட்டம் நீக்கப்பட்டு ஆட்டம் சமனானது. பருவத்தின் முடிவில் இரு அணிகளும் சமநிலையில் நின்றதால், அக்டோபர் 8இல் மீண்டும் ஆடினார்கள். கப்ஸ் அணி வென்றது.

மெர்க்கிள் செய்தது விதிமீறலே. ஆனால் வெற்றி ஓட்டம் வந்ததும் தளத்தைத் தொடாமல் போவது அந்நாளில் பலருக்கும் வழக்கம். அதை நடுவர்கள் கண்டுகொள்வதில்லை. ஊரெல்லாம் செய்துவந்த தவறுக்கு ஒரே ஓர் இளைஞர் மொத்தமாக விலை கொடுத்தார். அதன்பின் அவர் பல ஆண்டுகள் நன்றாக ஆடியும், மூடர் என்னும் பழிப்பெயர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

“பாவம், தாத்தா. யாராவது முன்னாலேயே அவருக்குச் சொல்லியிருக்கலாம்” என்றான் பேரன். விதியை எழுதினால் மட்டும் போதாது, அதைக் காரணத்தோடு சொல்லித் தரவும் வேண்டும் என்பதை அவன் தன் மொழியில் சொல்லிவிட்டான்.

பிசின் பூசிய மட்டை

அடுத்து நாங்கள் படித்த நிகழ்வு 1983 ஜூலை 24இல் யாங்கி விளையாட்டரங்கில் நடந்தது. ஒன்பதாம் சுற்றில் நியூயார்க் யாங்கீஸ் அணி 4–3 என முன்னிலையில் இருந்தது. இருவர் ஆட்டமிழந்த நிலையில், கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் ஜார்ஜ் பிரெட் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து இரண்டு ஓட்டங்கள் பெற்றுத்தந்தார். அணி 5–4 என முந்தியது. உடனே யாங்கீஸ் மேலாளர் பில்லி மார்ட்டின் நடுவரிடம் சென்று, பிரெட்டின் மட்டையைப் பார்க்கச் சொன்னார்.

மட்டை கையில் வழுக்காமல் இருக்க அதன் பிடியில் பைன் மரப் பிசினைப் பூசுவது வழக்கம். அடிமுனையிலிருந்து 18 அங்குலத்துக்குமேல் பூசலாகாது என்பது விதி. தாய்த்தளத்தின் அகலம் 17 அங்குலம். நடுவர்கள் மட்டையை அத்தளத்தின் குறுக்கே வைத்து அளந்தார்கள். பிசின் 18 அங்குல வரம்பையும் தாண்டியிருந்தது. பிரெட் ஆட்டமிழந்தார் என்று அறிவித்தார்கள். ஓட்டங்கள் நீங்கின, ஆட்டம் முடிந்தது. பிரெட் கட்டுக்கடங்காத சினத்தோடு நடுவரை நோக்கி ஓடிவந்தார்.

ராயல்ஸ் அணி முறையிட்டது. லீகின் தலைவர் லீ மெக்ஃபெயில் நடுவர்களின் முடிவை மாற்றினார். பிசின் விதி ஏன் வந்தது என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். பிசின் பட்டால் பந்து அழுக்காகும். அழுக்கான பந்தை ஆட்டத்திலிருந்து நீக்க நேரும். பந்துகள் வீணாகாமல் காப்பதே அவ்விதியின் நோக்கம். பிசினால் பந்து தொலைவுக்குப் பறப்பதில்லை. பிரெட் யாரையும் ஏமாற்றவும் இல்லை. வரம்பு மீறிய மட்டையை முன்னதாகவே நீக்கச் சொல்லியிருக்கலாம். நேர்மையாக எடுத்த ஓட்டத்தைப் பறிப்பது விதியின் நோக்கத்துக்குப் பொருந்தாது என்று அவர் முடிவு செய்தார். ஆகஸ்டு 18இல், விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடர்ந்தது. ராயல்ஸ் அணி 5–4 என்று வென்றது.

பேரன் கைதட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு வெகுநேரம் உறக்கமும் வரவில்லை.

நான் அளந்த மட்டை

என் பணிக்காலத்தில் ஒரு சிற்றூர்க் கிளையில் எழுத்தராக இருந்தபோது, ஒரு மூதாட்டி பணம் எடுக்க வந்தார். கணவர் இறந்தபின் வரும் குடும்ப ஓய்வூதியம் அது. அவர் இட்ட கையொப்பம், எங்களிடமிருந்த மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை. முதுமையில் அவர் கை நடுங்கியது. “கையெழுத்து சேரலைம்மா. சரியாப் போட்டுப் பழகிட்டு வாங்க” என்று அனுப்பினேன். அடுத்த வாரம் வந்தார், மீண்டும் அனுப்பினேன். மூன்றாம் முறை, வீட்டில் ஒரு தாள் முழுக்கத் தம் பெயரை எழுதிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். எந்த எழுத்தும் நேராக இல்லை.

“நான்தானே தம்பி வந்து நிக்கிறேன்” என்றார்.

“விதி அப்படிம்மா” என்றேன்.

அருகிலிருந்த மூத்த அலுவலர் எழுந்து வந்தார். அவரை அமரவைத்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் செய்தார். கையொப்பமிட இயலாத முதியோருக்கென அந்த வழி முன்பே விதிகளில் இருந்தது. நான்தான் தேடிப் பார்க்கவில்லை. மூதாட்டி பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். என் பக்கம் திரும்பவில்லை.

நான் விதியை மீறவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிரவுதான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்: கையொப்பம் ஏன் ஒத்துப்போக வேண்டும்? வேறொருவர் வந்து அந்த மூதாட்டியின் பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அவரைக் காக்க எழுந்த சுவரைக்கொண்டே அவரை வெளியே நிறுத்தினேன். யாங்கி அரங்கில் மட்டையை அளந்தவர்களைப் போல நானும் அங்குலம் தவறாமல் அளந்தேன். எதற்காக அளக்கிறோம் என்பதை மட்டும் மறந்துபோனேன்.

காரணம் அறியாதவர் இரு வகையில் தவறுகிறார். புரியாத விதியைப் பொருளற்றது என்று சினந்து தள்ளுகிறார். திடலில் நான் நின்ற நிலை அது. அல்லது, புரியாமலே அதை இறுகப் பற்றிக்கொள்கிறார். வங்கியில் நான் அமர்ந்திருந்த நிலை அது. காரணம் அறிந்தவருக்கே விதியை மதிக்கவும் தெரியும், அது எங்கே நிற்க வேண்டும் என்றும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பேரன் மீண்டும் இரண்டாம் தளத்தில் நின்றான். முதல் தளத்திலும் ஆள் இருந்தான். பந்து நேர் மேலே எழும்பியது. முதியவர் கையை உயர்த்திக் கூவினார். பேரன் ஓடவில்லை. ஒரு காலைத் தளத்தின்மேல் ஊன்றி நின்று, பலகையில் அமர்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் கையை உயர்த்தினேன்.